செப்டம்பரில் வந்த கலர் டி.வி.

டி.வி.க்கு வயது சொல்கிறவனிடம் யாரும் பயந்துகொண்டு வருவதில்லை. க்ளெண்டா பர்செல் பயந்துகொண்டு வந்திருந்தாள்.

இண்டியானாவின் மில்ஃபோர்க்கில், மூடிப்போன பேக்கரிக்குப் பின்னால் கர்ட் எல்ஸ்னரின் பட்டறை. பழைய கலர் டி.வி. சேகரிக்கிறவர்கள் வாங்குவதற்கு முன் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் பெட்டியைத் திறந்து, எந்த வருடம் செய்தது, எது அசல், எது பின்னால் மாட்டியது என்று சொல்வான். போலிகள் பலவற்றைப் பிடித்து, ஒரு உயில் வழக்கிலும் சாட்சி சொன்ன பிறகு ஊர் அவனைத் துப்பறிகிறவன் என்றே பேசத் தொடங்கியிருந்தது. வயது முப்பத்து மூன்று. மனைவி இறந்து இரண்டு வருடம். இரண்டு தகவலையும் அவன் ஒரே குரலில் சொல்வான்.

"உக்காரு கண்ணு," என்று நாற்காலியில் இருந்த ரேடியோவைத் தூக்கினாள் அவனுடைய உதவியாளர் மேவிஸ் ட்ரூக்ஸ். ஐம்பத்தைந்து வயது. பாதி வாழ்க்கையை ஊரின் ஒரே டி.வி. கடை கவுன்டரில் கழித்தவள். "பயப்படாதே, இவன் கடிக்க மாட்டான். கடிக்கறதுக்கு வாயைத் திறக்கணும்ல."

க்ளெண்டா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நாற்பதைத் தொடப்போகும் வயது. தபால் ஆபீஸ் சீருடை. சனிக்கிழமை வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறாள்.

"எங்கப்பா வீட்டு நிலவறையில ஒரு கலர் டி.வி. இருக்கு. ஒஹாயோலேர்ந்து ஒருத்தர் வந்து பார்த்துட்டு, அறுபத்து மூணுல செஞ்சதுன்னு சொன்னார். அது சரியான்னு தெரியணும்."

"விக்கப் போறீங்களா?" என்றான் கர்ட்.

"இல்ல."

அவன் காத்திருந்தான். காத்திருப்பது அவனுக்கு நன்றாக வரும்.

"எங்கம்மா அறுபத்து நாலு பிப்ரவரியில இறந்துட்டாங்க. எனக்கு அப்ப நாலு வயசு. அவங்களைப் பத்தி எனக்கு ஒரே ஒரு ஞாபகம்தான் இருக்கு. அந்த டி.வி. முன்னாடி அவங்க மடியில உக்காந்திருக்கேன். அப்பா அது கனவுங்கறார். அம்மா போனதுக்கு அப்புறம்தான் டி.வி.யே வந்துச்சாம்."

"அறுபத்து மூணுன்னா?"

"ஞாபகம் நிஜமா இருக்கலாம்."

"பிப்ரவரிக்கு அப்புறம்னா?"

க்ளெண்டா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "எனக்கு அம்மாவே இல்லைன்னு அர்த்தம்."

மேவிஸ் ரேடியோவை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

*

பர்செல் வீட்டு நிலவறையில் ஈர வாடை. தலைக்கு மேலே, சமையலறையில், சுத்தியல் சத்தம். க்ளெண்டாவின் அப்பா ஆர்லோ கறுப்பு வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார். பின்வாசல் மரத்தில் இந்த அக்டோபரில் காய்த்தது. எழுபத்தொரு வயதுக்காரர். வந்தவர்களுக்குத் தலையசைத்ததோடு சரி. "பார்க்கட்டும், பார்க்கறதுக்கு என்ன இருக்கு," என்று மட்டும் மகளிடம் சொல்லியிருந்தார்.

மேப்பிள் மரப் பெட்டி. பக்கம் இரண்டும் வளைந்த வட்டத் திரை. அலமாரிக்கும் சவப்பெட்டிக்கும் நடுவில் ஒரு கனம்.

"இதை ரெண்டு பேர் இறக்கியிருப்பாங்க," என்றாள் மேவிஸ். "ஒருத்தன் இன்னும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பான்."

தயாரிப்பு எண் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உதிர்ந்திருந்தது. கர்ட் பின்மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். முன்பக்கம் சேனல் குமிழ்கள் இரண்டு இருந்தன. ஒன்று சாதாரண சேனல்களுக்கு. இன்னொன்று மேல்வரிசைச் சேனல்களுக்கு.

"ரெண்டாவது குமிழ் அறுபத்து நாலு மே மாசத்துலேர்ந்து கட்டாயம், சட்டம் வந்துடுச்சு," என்றான்.

க்ளெண்டாவின் முகம் இறுகியது.

"இருங்க. அதுக்கு முன்னாடியும் கேட்டு வாங்கினவங்க உண்டு. இது சாட்சி ஆகாது."

பிக்சர் ட்யூபின் கழுத்தில் விளக்கடித்தான். "அறுபத்தொன்பது."

"அப்ப ஒஹாயோக்காரர் சொன்னது..."

"ட்யூபை மாத்தியிருக்காங்க. கணக்குல வராது."

"என் பல்லு மாதிரி," என்றாள் மேவிஸ். "போன வருஷத்துது. அதை வெச்சு என் வயசைச் சொன்னா நான் சந்தோஷமாக் கேட்டுப்பேன்."

கர்ட் முழங்காலிட்டு உள்ளே தலையை நுழைத்தான். தகரத் தட்டில் சுருட்டுத் துண்டுகள் போல வரிசையாக இருந்த கப்பாசிட்டர்களில் எண்கள். எல்லாம் அறுபத்து மூன்றின் இலையுதிர் காலம்.

"ஒஹாயோக்காரர் இதோட நிறுத்திட்டார். சேகரிக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு. பழைய தேதி கண்ணுல பட்டதும் மனசு நிறைஞ்சுடும். ஃபாக்டரியில இந்தச் சாமான் எல்லாம் டப்பாவுல மாசக் கணக்காக் கிடக்கும். ஒரு செட்டுல இருக்கற அசல் சாமான்லயே எது கடைசியாச் செஞ்சதோ, அதுக்கு முன்னாடி அந்த செட் பிறந்திருக்க முடியாது."

"அது எது?"

அவன் ஸ்பீக்கர் அருகே போனான். காந்தத்தின் முதுகில் முத்திரை எண். கடைசி மூன்று இலக்கம் நான்கு, இரண்டு, ஏழு. திருகாணிகளின் மேல் ஃபாக்டரியில் தடவிய பச்சை மை உடையவில்லை. கம்பி இணைப்பை யாரும் தொட்டதில்லை.

அவன் எழுந்திருக்க நேரமாயிற்று.

"நாலுன்னா அறுபத்து நாலு. இருபத்தேழுன்னா இருபத்தேழாவது வாரம். ஜூலை."

"ஐம்பத்து நாலா இருக்கக் கூடாதா?" மேவிஸ் கேட்டது க்ளெண்டாவுக்காக.

"ஐம்பத்து நாலுல இந்தப் பெட்டி கிடையாது. எழுபத்து நாலுல வட்டத் திரை கிடையாது."

மேலே சுத்தியல் இரண்டு தடவை விழுந்தது. க்ளெண்டா படியில் உட்கார்ந்தாள்.

"ஜூலை," என்றாள். "அம்மா பிப்ரவரி."

"ஆமா."

"அப்பா பொய் சொல்லல."

கர்ட் திருப்புளியைப் பையில் வைத்தான். இந்த மாதிரி நேரத்தில் சொல்ல வேண்டிய வார்த்தைகளை அவனிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். எதுவும் உபயோகமாக இருந்ததில்லை. அதனால் வேலை சம்பந்தமாகவே கேட்டான்.

"அந்த ஞாபகத்துல டி.வி.யில என்ன ஓடிச்சு?"

"ஒண்ணும் ஓடல. அதனாலதான் கனவுன்னு எல்லாரும் சொல்றாங்க. நட்சத்திரம் மட்டும்."

"நட்சத்திரம்னா?"

"திரை பூரா. வரிசை வரிசையா. ஜன்னல் திரையெல்லாம் போட்டு வீடு இருட்டா இருக்கு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பக்கத்துல சிவப்பும் நீலமும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் பேசறாங்க. என்கிட்ட இல்ல. டி.வி.கிட்ட."

"என்ன பேசறாங்க?"

க்ளெண்டா கண்ணை மூடினாள். குரல் மாறியது. யாருடைய குரலையோ இரவல் வாங்கியது போல் இருந்தது. "'சிவப்பு இன்னும் வரணும். இன்னும். போதும். நீலத்தை இறக்குங்க. இறக்குங்க. அங்கேயே நிறுத்துங்க.' டி.வி.யும் அவங்க சொன்னபடி கேக்குது."

நிலவறையில் யாரோ கூட வந்து நிற்பது போல் மேவிஸ் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"சிவப்பு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?" என்றான் கர்ட்.

"சாய்வா. மூலையிலேர்ந்து மூலைக்கு. நீலம் மட்டும் நேரா மேல கீழ."

அவன் பையைக் கீழே வைத்தான்.

"அது நட்சத்திரம் இல்லீங்க. புள்ளி. கலர் டி.வி. புதுசா வந்தா ரிப்பேர்க்காரன் வீட்டுக்கு வந்து சரி பண்ணித் தரணும். சிவப்பு, பச்சை, நீலம் மூணும் ஒரே இடத்துல விழுந்தாத்தான் வெள்ளை தெரியும். அவன் கொண்டு வர்ற பெட்டி திரை பூராப் புள்ளி போடும். மூணு புள்ளியையும் ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வைக்கணும். அந்த பிக்சர் ட்யூப்ல சிவப்பும் பச்சையும் சாய்வாத்தான் நகரும். நீலம் மட்டும் மேல கீழ போகும். நாலு வயசுக் குழந்தைக்குக் கனவுல அது வராது."

"ஒரே மூச்சுல இவ்வளவு வார்த்தை," என்றாள் மேவிஸ். "நான் நாலு மாசம் சம்பளம் வாங்கிக் கேட்டது இவ்வளவு இருக்காது."

"திருக வேண்டியது பின்னாடி. பார்க்க வேண்டியது முன்னாடி. அதுக்காக ரிப்பேர்க்காரன் ஒரு முகம் பார்க்கற கண்ணாடி கொண்டு வந்து எதிர்ல வெச்சுப்பான். கண்ணாடி இல்லைன்னா வீட்டு ஆள் யாராவது முன்னாடி உக்காந்து சொல்லணும்."

க்ளெண்டா மெல்ல எழுந்தாள். "அப்ப டி.வி. பின்னாடி ஒரு ஆள் இருந்தான்."

"இருந்தான். அவன் எழுதியும் வெச்சிருப்பான்."

வீட்டுக்கு வரும் ரிப்பேர்க்காரர்கள் செய்த வேலையைப் பெட்டிக்குள் பென்சிலால் எழுதிவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரருக்காக அல்ல. அடுத்து வருகிறவனுக்காக. கர்ட் டார்ச்சைப் பக்கப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தான். நேராக அடித்தபோது வெறும் மரமாக இருந்த இடத்தில் பென்சில் கரி மின்னியது.

அவன் படித்தான். "செப்டம்பர் இருபத்தாறு, அறுபத்து நாலு. புது செட் பொருத்தியது. கண்ணாடி கொண்டுவரவில்லை. புள்ளிகளை மிஸஸ் பார்த்துச் சொன்னார். நல்ல கண். எல்.கே., கோகோமோ."



"கண்ணாடி இல்லைன்னு எதுக்கு எழுதணும்?" என்றாள் க்ளெண்டா. வேறு எதையோ கேட்க வேண்டும் என்று தெரிந்தும் அதைக் கேட்டாள்.

"பின்னால கலர் விலகிச்சுன்னா தப்பு தன்னுது இல்லைன்னு காட்டிக்க. வீட்டுக்காரங்க கண்ணை நம்பி வெச்சதுன்னு."

"மிஸஸ்னா?"

"வீட்டுல இருந்த பொம்பளை யாரா இருந்தாலும் மிஸஸ்னுதான் எழுதுவாங்க. சித்தி, அத்தை, பக்கத்து வீடு."

"எங்க வீட்டுக்கு அப்ப யாரும் வரமாட்டாங்க."

மேவிஸ் டார்ச்சைக் கர்ட்டின் கையிலிருந்து வாங்கி, எழுத்தை இன்னொரு தடவை பார்த்தாள். அவள் முகத்தில் எப்போதும் இருக்கும் கேலி காணாமல் போயிருந்தது.

"எங்க கடையில மூணு பேர். மூணு பேர் கையெழுத்தும் எனக்குத் தெரியும். இது எங்க ஆள் இல்ல. அறுபத்து நாலுல இந்த ஊர்ல கலர் டி.வி. வாங்கினது பதினோரு வீடு. பதினொண்ணும் எங்ககிட்ட. இந்த வீடு அதுல இல்ல. கடை இந்த வீட்டுலேர்ந்து நாலு தெரு. கோகோமோ நாப்பது மைல்." டார்ச்சை அணைத்தாள். "ஒருத்தர் பக்கத்துல இருக்கற ஆளை விட்டுட்டு நாப்பது மைலுக்கு அப்பால ஆள் பிடிக்கறார்னா, அவருக்கு நல்ல ரிப்பேர்க்காரன் வேணும்னு இல்ல கண்ணு. வீட்டுல யாரு இருக்காங்கன்னு தெரியாத ரிப்பேர்க்காரன் வேணும்."

மேலே சுத்தியல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவர்களில் யாரும் கவனிக்கவில்லை.

*

ஆர்லோ பர்செல் மேஜையில் விரித்த செய்தித்தாளின் முன் உட்கார்ந்திருந்தார். வால்நட் தோலின் கறை ஏறி விரல்கள் கறுத்திருந்தன.

"ஒரு கேள்வி, மிஸ்டர் பர்செல்," என்றான் கர்ட். "நாலு தெரு தள்ளிக் கடை இருந்துச்சு. கோகோமோலேர்ந்து ஏன் ஆளைக் கூப்பிட்டீங்க?"

"விலை குறைச்சல், தம்பி."

"நாங்க பொருத்தறதுக்குக் காசே வாங்கலையே," என்றாள் மேவிஸ்.

ஆர்லோ அவளைப் பார்த்தார். "மேவிஸ். ஐரீன் செத்தப்ப நீ டூனா மீன் கேசரோல் கொண்டு வந்தே."

"கொண்டு வந்தேன்."

"நல்லா இருந்துச்சு."

"நல்லா இல்ல ஆர்லோ. எனக்கு அப்ப சமைக்கத் தெரியாது. பேச்சை மாத்தாதீங்க."

க்ளெண்டா வாசற்படியில் நின்றபடியே கேட்டாள். "செப்டம்பர்ல டி.வி. முன்னாடி உக்காந்தது யாருப்பா?"

அவர் ஒரு வால்நட்டை எடுத்தார். உடைக்கவில்லை. கையில் உருட்டிக்கொண்டிருந்தார். கேள்வி தானாகப் போய்விடும் என்று பார்க்கிறவர் போல் இருந்தார். அது போகவில்லை.

"உங்கம்மா," என்றார்.

ஃப்ரிட்ஜ் ஒரு தடவை உறுமி அடங்கியது.

"ஜனவரியில அவளை ஆஸ்பத்திரியில சேர்த்தேன். மனசு சரியில்லாதவங்க ஆஸ்பத்திரி. ராத்திரியில எழுந்து பனியில நடந்து போயிடுவா. நீ கைக்குழந்தையா இருந்தப்பவே ஆரம்பிச்சது. யாருக்கும் தெரியாது. நிமோனியான்னு சொல்லி வெச்சிருந்தேன். எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சர்ச்ல, மில்லுல, முடி வெட்டற இடத்துல. எப்படி இருக்கா, எப்ப வருவா. ஒரு நாள் பெட்ரோல் பங்க்ல ஒருத்தன் கேட்டான். அவ இறந்துட்டான்னு சொன்னேன். ஏன் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியல. அவன் தொப்பியைக் கழட்டினான். அதுக்கப்புறம் யாரும் கேக்கல. கென்டக்கியில அவ மனுஷங்க புதைச்சுட்டாங்கன்னேன். எல்லாரும் சாப்பாடு கொண்டு வந்தாங்க."

மேவிஸ் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"செப்டம்பர்ல டாக்டர் கூப்பிட்டார். தேறிட்டா, ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க, ஒழுங்கா இருந்தா அடுத்த வாரமே அனுப்பிடறேன்னார். அவளுக்குக் கலர்னா உயிர். அன்னிக்கு வர்ற மாதிரி டி.வி. வாங்கினேன். விடியறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்து ஜன்னல் திரையெல்லாம் போட்டேன். கோகோமோக்காரன், இருட்டா இருந்தாத்தான் புள்ளி நல்லாத் தெரியும், சரியாப் பண்ணியிருக்கீங்கன்னான்."

"அம்மா எப்படி இருந்தாங்க?"

"நல்லா இருந்தா. ரெண்டு மணி நேரம் உன்னை மடியில வெச்சுக்கிட்டு அசையாம உக்காந்து, மூணு கலரையும் ஒரே புள்ளி ஆக்கினா. அவன் போகும்போது என் கையைக் குலுக்கி, உங்க மிஸஸ் மாதிரி கண்ணு நான் பார்த்ததில்லைன்னான்."

"அப்புறம்?"

"சாயங்காலம் திரும்பக் கொண்டு போய் விட்டேன்."

"நல்லா இருந்தாங்கன்னு சொன்னீங்க."

"நல்லாத்தான் இருந்தா." ஆர்லோ வால்நட்டைக் கீழே வைத்தார். அது உருண்டு செய்தித்தாளின் மடிப்பில் நின்றது. "ஊருக்கு என்ன சொல்றது, க்ளெண்டா? பிப்ரவரியில செத்தவ அக்டோபர்ல வந்து மளிகைக் கடையில நிப்பாளா? இவங்க எல்லார் பாத்திரத்தையும் கழுவித் திருப்பிக் குடுத்திருந்தேன். டாக்டர்கிட்ட அன்னிக்கு அவ சரியா இல்லைன்னு சொல்லிட்டேன்."

கர்ட் தரையைப் பார்த்தான். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை.

க்ளெண்டா கேட்டாள். "எப்ப இறந்தாங்க?"

"எழுபத்தொண்ணு. நவம்பர்."

"எனக்குப் பதினோரு வயசு." அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. "அந்த ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"முப்பத்திரண்டு மைல்."

"ஏழு வருஷம். முப்பத்திரண்டு மைல்." அவள் மேஜைக்கு அருகே வந்தாள். "என்னைக் கேக்கலையா அவங்க? ஒரு தடவை கூடவா கேக்கல?"

"போற போதெல்லாம் கேட்டா. கூட்டிட்டு வா, கூட்டிட்டு வான்னு. நிறுத்தவே இல்ல."

"நீ என்ன சொன்னே?"

ஆர்லோ கறுத்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கறை தேய்த்தால் போகாது. கர்ட்டுக்கு முதலில் புரிந்தது. பிறகு மேவிஸுக்கு. அவள், "கடவுளே, ஆர்லோ," என்று மூச்சுக்குள் சொன்னாள். கடைசியாக, மெதுவாக, க்ளெண்டாவின் முகத்தில் அது வந்து சேர்ந்தது.

"அதுக்கப்புறம் அவளும் கேக்கல," என்றார் ஆர்லோ.

க்ளெண்டா நின்ற இடத்திலேயே நின்றாள். தன் கைகளைப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். மகள் செத்துவிட்டாள் என்று ஒரு தாய் சாகும்வரை அழுதிருக்கிறாள், அந்த மகள் தான்தான் என்று தெரிந்தவள் வேறு எதைப் பார்ப்பாள் என்று கர்ட்டுக்குத் தோன்றவில்லை.

"எங்க புதைச்சாங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி. பேர் இருக்காது. கல்லுல நம்பர் மட்டும்தான்."

"என்ன நம்பர்?"

"நானூத்திப் பன்னெண்டு," என்றார் அவர் உடனே. யோசிக்கவே இல்லை.

*

மேவிஸ் காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவியைக் க்ளெண்டாவின் கையிலிருந்து அவளே வாங்கியிருந்தாள். "முப்பத்திரண்டு மைல்தானே, நான் ஓட்டறேன்," என்று சொன்னதோடு சரி. பகடி ஏதும் பின்னால் வரவில்லை.

க்ளெண்டா கார்க் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றாள். வீட்டு ஜன்னலில் யாரும் இல்லை.

"மிஸ்டர் எல்ஸ்னர்."

"கர்ட்."

"கர்ட், அந்தக் கல்லு முன்னாடி போய் நின்னு நான் என்ன சொல்றது?"

கர்ட் இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் ஒரு கல்லின் முன் போய் நிற்கிறவன். ஒரு வார்த்தையும் வந்ததில்லை. நின்றுவிட்டுத் திரும்பிவிடுவான். ஆனால் இவள் கேட்டதற்கு விடை அவனுக்குத் தெரிந்திருந்தது.

"உயிரோட இருக்கேன்னு சொல்லுங்க," என்றான்.